புகைக்கூண்டும் செல்மாவும்

அந்த நீர்மூழ்கிக்கு ஜெர்மன் கடற்படை ஓர் எண் கொடுத்திருந்தது. கீல் துறைமுகத்தில் அதை யாரும் சொல்வதில்லை. எல்லோருக்கும் அது 'புகைக்கூண்டு'தான். ஹெர்ரிங் மீனை வரிசையாகத் தொங்கவிட்டுப் புகை போடுவார்களே, அந்தக் கூண்டு.

போர் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, நீர்மூழ்கி என்ற பேச்சை எடுத்தாலே பெரிய கப்பல்களின் அதிகாரிகள் மீசைக்குள் சிரித்த காலத்தில் கட்டிய கலம் அது. டீசல் என்ஜினை நம்ப அப்போது யாருக்கும் தைரியம் வரவில்லை. மண்ணெண்ணெய் என்ஜின் வைத்துவிட்டார்கள். தண்ணீருக்கு மேலே ஓடும்போதெல்லாம் அது கெட்டியான வெள்ளைப் புகையைக் கக்கும். புகை போக முதுகில் ஒரு குழாய். முழுகுவதற்கு முன்னால் ஆள் வெளியே போய் அந்தக் குழாயை மடக்கிப் படுக்கவைத்துவிட்டு உள்ளே ஓடிவர வேண்டும். ஒளிந்து தாக்குவதற்கென்றே செய்த கலம், கல்யாண வீட்டு அடுப்பு மாதிரி தான் இருக்கும் இடத்தைக் கடல் முழுக்கச் சொல்லிக்கொண்டு போகும். போர் தொடங்கிய கையோடு வடகடலுக்கு அனுப்பினார்கள். எதிரிக் கப்பல்கள் தொலைவிலேயே புகையைப் பார்த்து வழிமாறிப் போயின. ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்தது. பிறகு பால்டிக் கடலுக்குத் தள்ளிவிட்டார்கள்.

அதில் சுக்கான் பிடித்தவன் தியார்க் ஓன்னென். எம்டன் என்ற துறைமுக ஊர்ப் பக்கத்துக்காரன், முப்பதைத் தாண்டியவன், பேச்சு குறைவு. கடற்படைக்கு வருவதற்கு முன் பன்னிரண்டு வயதிலிருந்தே பாய்க்கப்பல். ஸ்வீடனிலிருந்தும் பின்லாந்திலிருந்தும் மரப்பலகை ஏற்றி வரும் கப்பல்களில் வேலை செய்ததால் ஸ்வீடிஷ் பேச்சு சரளமாக வரும். நீர்மூழ்கியில் அவனுக்குக் குறை என்று கேட்டால் ஒன்றே ஒன்றுதான் சொல்வான்: தேநீரில் மண்ணெண்ணெய் வாடை. ரொட்டியிலும் அதே வாடைதான், தலையணையிலும் அதேதான். ஆனால் எம்டன்காரனுக்குத் தேநீர் கெட்டால் நாளே கெட்டது மாதிரி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்தாம் ஆண்டு செப்டம்பரில், ஸ்வீடனின் கோட்லாந்துத் தீவுக்குக் கிழக்கே, புகைக்கூண்டுக்கு முதல் இரை கிடைத்தது. மூன்று பாய்மரம் வைத்த ஒரு மரக்கப்பல். பெயர் செல்மா. காற்று விழுந்துபோய்ப் பாய்கள் தொங்கிக்கொண்டிருந்ததால் அதனால் ஓட முடியவில்லை. இல்லையென்றால் அதுவும் தப்பித்திருக்கும்.

பின்லாந்தைச் சேர்ந்த, ஸ்வீடிஷ் பேசுகிற ஓலண்டுத் தீவுக்காரர்களின் கப்பல். பின்லாந்து அப்போது ரஷ்யாவின் கையில் இருந்ததால் பின்பக்கம் ரஷ்யக் கொடி. அப்படியென்றால் எதிரிக் கப்பல். ஏற்றியிருந்தது கோபன்ஹேகன் தச்சர்களுக்குப் போகும் பைன் பலகை. கப்பலின் தலைவர் வால்ஃபிரிட், அறுபதை நெருங்கியவர், தாடி நரைத்தவர். கூடவே அவர் மனைவி ஹுல்டா, சமையலும் கணக்கும் அவள் பொறுப்பு. அவர்களுக்கு உதவியாக இரண்டு மாலுமிகள். அவ்வளவுதான்.

நீர்மூழ்கியின் தலைவர் லெப்டினன்ட் வீபெகிங் இளம் வயதுக்காரர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். கப்பலை மூழ்கடிக்க அவருக்கு மனம் வரவில்லை. பால்டிக்கின் கிழக்குக் கரையில் இருக்கும் லிபாவ் துறைமுகம் அந்தக் கோடையில்தான் ஜெர்மனி கைக்கு வந்திருந்தது. அங்கே கொண்டுபோய் ஒப்படைத்துவிடலாம் என்று முடிவு செய்தார். பாய்க்கப்பல் தெரிந்தவன் தியார்க் ஒருவனே என்பதால் அவனை அனுப்பினார். துணைக்கு என்ஜின்காரன் ஏவால்ட் பிரெல். சாக்சனி மலைப்பக்கத்துச் சுரங்க ஊரில் பிறந்தவன். கடற்படையில் சேரும்வரை ஏரியைவிடப் பெரிய தண்ணீரைப் பார்த்ததில்லை. ஆளுக்கொரு கைத்துப்பாக்கி கொடுத்தார்கள்.

செல்மாவில் ஏறியதும் தியார்க் முதலில் செய்தது தளத்தின் பலகையைக் காலணியால் தட்டிப் பார்த்ததுதான். தார், சணல், ஈரமரம் என்று பழைய வாடையெல்லாம் ஒன்றாக மூக்கில் ஏறியது. வால்ஃபிரிட் கைகளைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். தியார்க் தொப்பியைக் கழற்றி, ஸ்வீடிஷில், கப்பலை எடுத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது, வருத்தம்தான் என்றான்.

"வருத்தப்பட்டா எடுத்துக்காம போயேன் தம்பி," என்றார் கிழவர்.

ஏவால்டுக்கு மொழி புரியாததால் அவரைப் பார்த்துச் சிரித்து வைத்தான்.

பிற்பகலில் தென்மேற்கிலிருந்து காற்று எழும்பியது. பாய்கள் நிறைந்தன. வால்ஃபிரிட் ஒத்துழைக்கவும் இல்லை, முரண்டு பிடிக்கவும் இல்லை. தன் கப்பலைத் தப்பாக ஓட்டினால் அவருக்குத் தாங்காது, அதனால் பாய்க்கயிறு தளர்ந்தால் மட்டும் எழுந்து வந்து இறுக்கிவிட்டுப் போவார். பின்னால் புகைக்கூண்டு தன் வெள்ளைப் புகையோடு வந்துகொண்டிருந்தது. ஏவால்ட் கப்பலின் ஓரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வயிற்றில் இருந்ததையெல்லாம் கடலுக்குக் கொடுத்தான். நீர்மூழ்கியில் ஒருநாளும் அவனுக்கு இப்படி ஆனதில்லை. பாய்க்கப்பல் சாய்ந்தபடியே ஓடுவதை அவனால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

"இது எப்பண்ணே நிமிரும்?"

"லிபாவ் போனா நிமிரும்."

மறுநாள் காலை ஹுல்டா அவர்களைக் கீழே கூப்பிட்டாள். மேசையில் கறுப்பு ரொட்டி, வெண்ணெய், அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த, பாலில் மாவு கரைத்துச் சுட்டுத் துண்டு போட்ட தடித்த பணியாரம். அதில் ஏலக்காய் மணந்தது. மேலே வேகவைத்த உலர்ந்த பிளம்ஸ். தியார்க் முதல் வாயை மென்றுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். மண்ணெண்ணெய் வாடை இல்லாத சாப்பாடு எப்படி இருக்கும் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. ஏவால்டும் வயிற்றைச் சமாதானப்படுத்திக்கொண்டு இரண்டு துண்டு சாப்பிட்டான். கப்பலைப் பிடித்தவர்களுக்கு எதற்கு இவ்வளவு செய்கிறீர்கள் என்று தியார்க் கேட்டதற்கு, பட்டினி போட்டால் மட்டும் கப்பலைத் திருப்பிக் கொடுத்துவிடவா போகிறீர்கள் என்றாள் அவள். சொல்லிவிட்டு அவன் தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள்.

மேலே வந்த ஏவால்ட் பின்பக்கம் பார்த்தான். காற்று நன்றாக வலுத்திருந்தது. கடல் எங்கும் வெள்ளை நுரை. சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றவன் தியார்க்கின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணே, புகையக் காணோம்."

தியார்க் திரும்பினான். அடிவானத்தில் நீர்மூழ்கியின் கறுத்த முதுகு அலையில் ஏறி இறங்குவது தெரிந்தது. அது ஒருபக்கமாகத் திரும்பிக் கிடந்தது. புகை இல்லை. புகைக்கூண்டில் புகை இல்லையென்றால் இரண்டே காரணம்: முழுகப்போகிறது, இல்லையென்றால் என்ஜின் செத்துவிட்டது. பார்த்துக்கொண்டே இருந்தார்கள், அது முழுகவில்லை.

ஏவால்ட் விவரமாகச் சொன்னான். இடது என்ஜினில் ஒரு சிலிண்டர் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது. வலது என்ஜினை வைத்துத்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது போல. மின்கலத்தில் மிச்சம் இருப்பது கொஞ்சம். அதை வைத்து இந்தக் காற்றை எதிர்த்துக் கரை சேர முடியாது. உதவிக்குக் கம்பியில்லாத் தந்தி அடிக்கவும் அதே மின்சாரம்தான் வேண்டும், அடித்தாலும் கரைவரை எட்டாது.

தென்மேற்குக் காற்று நீர்மூழ்கியை எங்கே தள்ளும் என்று தியார்க் யோசித்தான். வடகிழக்கே. அங்கே ரஷ்யர்களின் தீவும், அதைச் சுற்றி அவர்கள் விதைத்து வைத்த கண்ணிவெடிகளும்.

வால்ஃபிரிட்டும் பார்த்துவிட்டார். சுக்கானுக்குப் பக்கத்தில் நின்று அவரும் அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தக் கணக்கு வேறு மாதிரி முடிந்தது. துரத்தி வந்தவன் செத்துக் கிடக்கிறான். கப்பலில் இருப்பது இரண்டு ஜெர்மன்காரர்கள். அதில் ஒருவனுக்கு நிற்கவே தெம்பில்லை. நேராக ஸ்வீடன் கரைக்கு விட்டால் நடுநிலை நாடு, யாரும் தொட முடியாது.

தியார்க்குக்கு அது தெரிந்தது. இடுப்பில் துப்பாக்கி இருந்தது. அதைக் காட்டிக் கப்பலைத் திருப்பச் சொல்லலாம். ஆனால் இந்தக் காற்றில் மூன்று பாய்மரக் கப்பலைத் திருப்பிக்கொண்டுபோய், அலையில் ஆடும் இரும்புக் கலத்துக்குப் பக்கத்தில் மோதாமல் நிறுத்தி, வடம் கொடுத்து இழுப்பது துப்பாக்கி முனையில் நடக்கிற வேலையில்லை. செய்கிறவனுக்கு மனம் வேண்டும். அவன் துப்பாக்கியை உறையோடு கழற்றி, கயிற்றுச் சுருளின் மேல் வைத்தான்.

"கேப்டன், அங்க இருவது பேர் இருக்காங்க. எனக்கு உங்க கப்பல ஓட்டத் தெரியும், ஆனா இந்த வேலைய நான் தனியா செஞ்சா ரெண்டு கலமும் உடையும். நீங்க சொன்னபடி செய்றேன். கை குடுங்க."

"எதுக்கு? இழுத்துட்டுப் போயி, அப்புறம் என் கப்பல லிபாவ்ல குடுத்துட்டு நானும் ஹுல்டாவும் நடந்து வீட்டுக்குப் போகவா?"

"அதுக்கு நான் வாக்குக் குடுக்க முடியாது. எனக்கு அந்த அதிகாரம் இல்ல. பொய் சொல்ல விரும்பல."

கிழவர் தாடியைத் தடவிக்கொண்டு நீர்மூழ்கி இருந்த திசையைப் பார்த்தார். ஹுல்டா படியேறி வந்து நின்றாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. காலையில் தன் மேசையில் சாப்பிட்ட இந்த இரண்டு பேரின் கூட்டாளிகள் அங்கே கிடக்கிறார்கள் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது.

"கொடியப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க," என்றாள் புருஷனிடம். "கடல்ல தவிக்கிறவன் எந்த ஊர்க்காரனா இருந்தா என்ன? திருப்புங்க."

"கப்பல் போயிடும்டி."

"போனா போவுது. அவங்களை விட்டுட்டுப் போனா ராத்திரி உங்களுக்குத் தூக்கம் வருமா? வராது. எழுந்து எழுந்து நடப்பீங்க. எனக்கும் தூக்கம் போவும்."

வால்ஃபிரிட் தரையில் காறித் துப்பவில்லை, அவ்வளவுதான். சுக்கானைப் பிடித்து, மாலுமிகளுக்குக் குரல் கொடுத்தார். செல்மா காற்றை வாங்கித் திரும்பியது. தியார்க் முன்பாய்க் கயிற்றுக்கு ஓடினான். அடுத்த நிமிடம் போர், கடற்படை, புகைக்கூண்டு எதுவும் அவன் நினைவில் இல்லை. கையும் காலும் தாமாக வேலை செய்தன. கிழவர் சொல்வதற்கு முன்பே அவன் கயிற்றை அவிழ்த்திருப்பான், அல்லது இழுத்திருப்பான். இரண்டு மூன்று முறை அப்படி ஆனதும் அவர் அவனுக்குச் சொல்வதையே விட்டுவிட்டார்.

காற்று வரும் பக்கமாக நீர்மூழ்கியைச் சுற்றிவந்து பாய்களைச் சுருக்கி நின்றார்கள். காலி மிதவைப் பீப்பாயில் மெல்லிய கயிற்றைக் கட்டிக் கடலில் விட்டார்கள். அலை அதை நீர்மூழ்கியிடம் கொண்டுபோனது. அங்கே கோபுரத்தில் நின்ற வீபெகிங் நனைந்து ஊறிப்போயிருந்தார். மெல்லிய கயிற்றோடு தடித்த வடத்தை இழுத்துக் கட்டினார்கள். பாயை விரித்ததும் வடம் தண்ணீரிலிருந்து விறைத்து எழும்பி, ஒரு நொடி நின்று, அறுந்தது.

இதை வால்ஃபிரிட் எதிர்பார்த்திருந்தார். இரும்பு அசையாது, அலை அசையும், நடுவில் இருப்பது தாங்காது. நடுவில் எடை வேண்டும் என்றார். தியார்க்கும் அதையே நினைத்துக்கொண்டிருந்தான். நங்கூரச் சங்கிலியில் பாதியை அவிழ்த்து வடத்தோடு கோக்க முடிவானது. சங்கிலியைத் தளத்தில் இழுத்துவர ஆள் பலம் வேண்டும். அங்கேதான் ஏவால்ட் எழுந்தான். சுரங்கத்தில் நிலக்கரி வண்டி தள்ளிய தோள் அவனுடையது. பச்சை நிறமாகிவிட்ட முகத்தோடு, நடுநடுவே ஓரத்துக்குப் போய்க் குனிந்துவிட்டு வந்து, சங்கிலியைக் கண்ணி கண்ணியாக இழுத்துப் போட்டான். ஓலண்டு மாலுமிகள் இரண்டு பேரும் வேலையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள்.

இரண்டாம் முறை சங்கிலி தன் கனத்தில் தண்ணீருக்குள் தொய்ந்து இறங்கியது. செல்மா முன்னால் சென்றது. வடம் நிமிர்ந்தது, தொய்ந்தது, நிமிர்ந்தது. அறவில்லை. நீர்மூழ்கி மெல்ல மூக்கைத் திருப்பிப் பின்னால் வந்தது.

மனிதன் நடக்கிற வேகம்தான். ஆனாலும் தென்கிழக்கே, லிபாவ் பக்கமாக. அன்று முழுதும் அப்படியே போனார்கள். தியார்க்கும் வால்ஃபிரிட்டும் மாறி மாறிச் சுக்கான் பிடித்தார்கள். இடையில் கிழவர், எந்தெந்தக் கப்பலில் இருந்தாய் என்று கேட்டார். தியார்க் சொல்லச் சொல்ல, அதில் ஒன்றின் தலைவர் தன் மச்சினன்தான் என்றும், அவன் கருமி என்றும் சொன்னார். ஆமாம், சர்க்கரையைப் பூட்டி வைப்பார் என்றான் தியார்க். வால்ஃபிரிட் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். ஹுல்டா தேநீர் கொண்டுவந்தாள். தியார்க் அதை மெதுவாகக் குடித்தான். கோப்பையின் அடியில் கற்கண்டு வைத்து மேலே பாலாடை விடுகிற எம்டன் வழக்கத்தை அவளுக்கு விளக்கினான். அவள் அடுத்த கோப்பையை அப்படியே போட்டுக் கொடுத்தாள்.

நீர்மூழ்கியின் ஆட்கள் தளத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். என்ஜின் சத்தம் இல்லாமல், புகை இல்லாமல் அவர்கள் அதில் தண்ணீருக்கு மேலே பயணம் செய்தது அதுவே முதல் தடவை. யாரோ அக்கார்டியன் வாசிப்பது காற்று ஓய்ந்தபோதெல்லாம் கேட்டது.

மறுநாள் முற்பகலில் கரை தெரிந்தது. காற்று தணிந்து கடல் சமமாகிவிட்டது. லிபாவ் முகத்துவாரத்திலிருந்து ஒரு இழுவைக் கப்பல் கரும்புகை விட்டுக்கொண்டு கிளம்பி வருவதைப் பார்த்தார்கள். அது வந்து சேர இன்னும் நேரம் இருந்தது.

வீபெகிங் சிறு தோணியில் செல்மாவுக்கு வந்தார். வால்ஃபிரிட்டின் முன்னால் நின்று சல்யூட் அடித்தார். ஒலிபெருக்கிக் குழாயில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. தியார்க் மொழிபெயர்த்தான்.

"முந்தாநாள் நான் உங்களப் பிடிச்சேன். நேத்து நீங்க எங்களப் பிடிச்சுட்டீங்க. சரிக்குச் சரியாப் போச்சு. நீங்க கிளம்புங்க."

கிழவர் நம்பவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார். தியார்க் மறுபடி சொன்னான். ஹுல்டா கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

தியார்க் லெப்டினன்டை ஓரமாகக் கூப்பிட்டு, மேலிடத்தில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டான். நடந்ததைச் சொல்வேன் என்றார் அவர். சத்தம் போடுவார்களே என்றான். "போடட்டும் ஓன்னென். ரஷ்யாக்காரன் சிறையில இருந்து பாத்தா அதுவும் நல்ல சத்தமாத்தான் இருக்கும்."

தோணியில் இறங்கும்போது வால்ஃபிரிட் தியார்க்கின் தோளைத் தொட்டு நிறுத்தினார். ஏதோ பெரிய வார்த்தை வரப்போகிறது என்று தியார்க் நின்றான்.

"கப்பல விட்டாரு, சரி. என் வடமும் சங்கிலியும்?"

இழுவைக் கப்பல் நெருங்கி வந்துகொண்டிருந்தது. நீர்மூழ்கியின் ஆட்கள் இருபது பேரும் சேர்ந்து வடத்தை அவிழ்த்துவிட்டார்கள். செல்மாவில் அதைச் சுற்றி எடுத்தார்கள். கடைசிச் சங்கிலிக் கண்ணி தளத்தில் ஏறிய பிறகுதான் கிழவர் பாயை விரித்தார். ஹுல்டா ஒரு பொட்டலத்தைத் தோணியில் போட்டிருந்தாள். அதில் பணியாரம். எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு விரல் அளவு வந்தது. ஏவால்ட் தன் பங்கைத் தின்றுவிட்டு, அசையாத தரையில் வைத்துச் சாப்பிட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்றான்.

மேலிடத்தில் சத்தம் போட்டார்கள். கையில் கிடைத்த கப்பலை விட்ட நீர்மூழ்கித் தலைவர் என்று வீபெகிங்கைக் கூப்பிட்டு நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். பதவி உயர்வு தள்ளிப்போயிற்று. புகைக்கூண்டை இனிப் போருக்கு அனுப்புவதில் பயனில்லை என்று முடிவு செய்து, ஆட்களோடு சேர்த்துக் கீல் நகரத்தில் நீர்மூழ்கிப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார்கள். பாய்க்கப்பல் இழுத்து வந்த நீர்மூழ்கி என்று மற்ற கலத்துக்காரர்கள் சாராயக் கடையில் கேலி செய்தார்கள். "பாய் தைச்சாச்சா ஓன்னென்?" என்று கேட்பார்கள். அவன் சிரித்துக்கொண்டே, தைத்துக்கொண்டிருக்கிறோம் என்பான். கேலி செய்த கலங்களில் பல அடுத்த ஆண்டுகளில் திரும்பி வரவில்லை. புகைக்கூண்டின் ஆட்கள் ஒருவர் பாக்கியில்லாமல் போரின் முடிவைப் பார்த்தார்கள். கலத்தைக் கடைசியில் பழைய இரும்புக்கு உடைத்தார்கள். ஏவால்ட் தானே கேட்டு அந்த வேலைக்குப் போய், வலது என்ஜினைத் தன் கையால் கழற்றினான்.

ஆனால் அதெல்லாம் பின்னால். அந்த இலையுதிர் காலத்தில், பள்ளிக்கு மாற்றம் என்று தெரிந்த அன்றே, தியார்க் தன் மனைவி கேஷெவுக்குத் தந்தி கொடுத்தான். துறைமுகத்துக்கு எதிர்க்கரையில், கார்டன் என்ற பகுதியில், இரண்டு அறை வாடகைக்கு எடுத்தான். அவள் ரயிலில் படுக்கை மூட்டையோடும் இரண்டு கோழிகளோடும் வந்து இறங்கினாள். வரும் வழியில் ஒரு கோழி முட்டையிட்டதாகச் சொன்னாள்.

அவன் காலையில் விரிகுடாவில் போய் நீர்மூழ்கியை முழுகவைத்து, மதியத்துக்கு மேல் எழும்பவைத்து, பொழுது சாயும்போது படகேறி வீட்டுக்கு வருவான். வாசலிலேயே சட்டையைக் கழற்றச் சொல்லி கேஷெ வெளியே கொடியில் போடுவாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு குளிர்காலம் முழுக்க இருவரும் ஒரே வீட்டில் இருந்தது அந்த வருஷம்தான்.